முதல் தீர்த்தம்

இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று தொடங்குவதுதான் நம் வீட்டு வழக்கம். இந்த முறை அந்த வரியை விட்டுவிடுகிறேன். க்ஷேமமாக இருக்கிறவன் இவ்வளவு நீளமாக எழுத மாட்டான். நியூ ஜெர்சியில் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். உன் மெயிலை நெட் சென்டரில் அச்செடுத்துக் கொண்டுவந்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஆறு வருஷமாக அமெரிக்காவில் இருக்கிறாய், இவ்வளவு தெளிவாக எனக்கு ஒன்றும் எழுதியதில்லை. "அப்பா, மே மாசம் பிரம்மோத்ஸவத்துக்கு வரேன். உன்னால நிக்க முடியலைன்னா இனிமே முதல் தீர்த்தம் எனக்குத்தான்னு அர்ச்சகர்கிட்ட சொல்லிடு. பாச்சு வந்து நின்னான்னா விடாதே. வக்கீல்கிட்ட பேசிட்டேன், கேஸ் போட்டா நமக்குத்தான் வரும்ங்கறார். இது நம்ம முறை." படித்து முடித்ததும் எனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்திருப்பாய். இருந்ததடா, அதுதான் கஷ்டம். ஒரு நிமிஷம் பெருமையாகவே இருந்தது.

இதை வெளியாரும் படிக்கப் போகிறார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன். சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவிலுள்ள பெருமாள் கோயில் சிறியது. கோஷ்டி என்று பன்னிரண்டு பதினைந்து பேர் இரண்டு வரிசையாக நின்று பிரபந்தம் சேவிப்போம். சேவித்து முடிந்ததும் அர்ச்சகர் வெள்ளி வட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் ஓர் உத்தரணி விடுவார். யார் கையில் முதலில் விடுகிறாரோ அவருக்கு அந்தத் தெருவில் ஒரு மரியாதை. என் தகப்பனாருக்கு அது இருந்தது. பாச்சு என் தம்பியின் பிள்ளை. அதில் காலணா வரும்படி கிடையாது. வரும்படி இல்லாத ஒன்றுக்கு மனுஷன் இவ்வளவு பேராசைப்படுவானா என்று கேட்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து நாலு நாள் தங்கிப் பார்க்கலாம்.

நான் முப்பத்தொரு வருஷம் காலேஜில் ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுத்தவன். எம்.ஏ. வகுப்புக்கு ஒரு பழைய காவியம் வைத்திருந்தார்கள். நம் ராஜாக்கள் இங்கே கோபுரம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஐரோப்பாவில் ஒரு கவிஞன் நரகத்துக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்ததாக எழுதியது. இன்னின்ன பாவத்துக்கு இன்னின்ன இடம் என்று மாடி மாடியாகக் கீழே இறங்கும் நரகம். கரும்பலகையில் நான் அதை வட்டம் வட்டமாகப் போடுவேன். நீகூடச் சின்ன வயதில் அதைக் காப்பியடித்து நோட்டில் வரைந்து வைத்திருந்தாய். எனக்குப் பிடித்த இடம் பேராசைக்காரர்களின் இடம். அங்கே ஆளுக்கு ஒரு பாறாங்கல்லை நெஞ்சால் முட்டித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். முகம் ஒன்றும் அடையாளம் தெரியவில்லை என்கிறான் கவிஞன். அத்தனை நாள் எதற்காக அலைந்தார்களோ, அதுவே முகத்தை அழித்துவிட்டதாம். ஆனால் தலை தெரிகிறது. அவற்றில் பாதி, மழித்த தலைகள். எல்லாம் அவர்கள் ஊர்ச் சாமியார்கள், மடாதிபதிகள், கோயில்காரர்கள். இந்த இடம் வரும்போது நான் வகுப்பில் வாய்விட்டுச் சிரிப்பேன். "பாருங்கள், சொந்த மதத்துப் பெரியவர்களையே எப்படிக் கிழிக்கிறான்" என்பேன். உச்சியில் குடுமியும் நெற்றியில் திருமண்ணுமாக நின்றுகொண்டு சொல்வேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளாவது என் கை என் தலைக்குப் போயிருக்க வேண்டாமா?

அதற்குக் கீழ் மாடியில் கோபக்காரர்கள். ஒரு சதுப்பு, முழுக்கச் சேறு. அதில் அம்மணமாக நின்று ஒருத்தரை ஒருத்தர் தலையால் முட்டி, பல்லால் கடித்துக் குதறுகிறார்கள். அது மேல்வரிசை. அவர்களுக்கு அடியில், சேற்றுக்குள் முழுகினபடி வேறு சிலர் கிடக்கிறார்கள். கோபத்தை வெளியே காட்டாமல் உள்ளேயே வைத்துப் புழுங்கினவர்கள். அவர்கள் எதையோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், ஆனால் தொண்டையில் சேறு. மேலே பார்த்தால் குமிழி மட்டும் வரும். இதை நான் நடத்தியபோது பிள்ளையார்பாளையத்துப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். நெசவுக் குடும்பம். வகுப்பில் அதிகம் பேசாதவள். "சார், எங்க வூட்ல அப்பாவும் பெரியப்பாவும் மூணு வருஷமா பேசிக்கறதில்ல சார். ஒரே தறியிலதான் குந்திக்கினு நெய்றாங்க. அப்பா சேலை உடலுக்கு நாடா போடுவாரு, பெரியப்பா கரைக்கு நாடா போடுவாரு. உடலும் கரையும் சேர்ற கோர்வைல ரெண்டும் வந்து மாட்டித் திரும்பிடும். சேலை வந்துக்கினுதான் சார் இருக்குது. உங்க படத்துல அவங்க எங்க சார் வருவாங்க?" என்றாள். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "அவர்கள் நரகத்தில் வரமாட்டார்கள் அம்மா, பிள்ளையார்பாளையத்திலேயே இருப்பார்கள்" என்றேன். வகுப்பே சிரித்தது. முகம் சிவந்து உட்கார்ந்தவள், அந்த வருஷம் முழுக்க ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என் உத்தியோகத்தில் என்னை யாராவது கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. அதை ஹாஸ்யமாக்கித் தொலைத்தேன்.

இனி உன் சித்தப்பா. என் தகப்பனார் பரமபதித்தபோது, மூத்தவன் என்கிற முறையில் முதல் தீர்த்தம் எனக்கு வந்தது. ஆனால் காலையில் எனக்குக் காலேஜ், சாயங்காலம் டியூஷன், ஞாயிற்றுக்கிழமை தூக்கம். என் தம்பி ரங்கன்தான் போய் நின்றான். ஆபீஸில் குமாஸ்தா வேலை, காலையும் மாலையும் கோயில். ஆறு வருஷம், மழை, ஜுரம் எதையும் பார்க்காமல் நின்று சேவித்தான். நாலாயிரம் பாசுரமும் அவனுக்கு மனப்பாடம். எனக்கு முந்நூறு தேறினால் பெரிது. அந்த ஆறு வருஷமும் அர்ச்சகர் முதலில் அவன் கையில்தான் தீர்த்தம் விட்டார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ரிடையரானேன் பார், அன்றைக்குத் தோன்றிற்று. காலேஜில் பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னது நின்றுபோயிற்று. தெருவில் நடந்தால் ஒருத்தரும் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. அந்த மரியாதையை வேறு எங்கேயாவது வாங்கியாக வேண்டும் போலிருந்தது. நேரே கோயிலுக்குப் போய் ரங்கனுக்கு முன்னால் நின்றேன். அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். அந்த ஓரடியை நான் கவனித்தேன். சந்தோஷமாக இருந்தது.

மறு வருஷம் நடந்தது உனக்கே தெரியும், நீ பக்கத்தில் இருந்தாய். அமெரிக்கா கிளம்புவதற்குப் பத்து நாள் இருந்தது, பெருமாள் சேவிக்க வந்திருந்தாய். கடைசிப் பாசுரங்களும் சேவித்துச் சாத்துமுறை முடிந்தது. அர்ச்சகருக்கு வயதாகிவிட்டது, ஆறு வருஷப் பழக்கம், கை தன்னால் ரங்கன் பக்கம் போயிற்று. ரங்கன்கூடக் கையை நீட்டவில்லை, கண்ணால் என்னைக் காட்டினான். அதற்குள் நான் வட்டிலைத் தட்டிவிட்டேன். வெள்ளி வட்டில் கல்தரையில் உருண்டு போய்த் துவாரபாலகர் காலடியில் நின்றது. "உமக்கு முறை தெரியாதா?" என்று நான் கத்தினேன், அர்ச்சகரைப் பார்த்து. தீர்த்தம் ஒரு சொட்டு கீழே விழக்கூடாது என்று உள்ளங்கைக்கு அடியில் வஸ்திரத்தை மடித்துப் பிடிக்கிறவர்கள் நாம். அது தரை முழுக்கக் கிடந்தது, துளசியோடு. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, ரங்கன் மட்டும் கீழே உட்கார்ந்தான். தன் உத்தரீயத்தால் தரையைத் துடைத்து, அந்த ஈரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை. திரும்பி வரும்போது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "நீ பண்ணதுதாம்பா சரி. விட்டா ஏறிண்டே போவா." அதைக் கேட்டு நான் உன் தோளில் கை போட்டுக்கொண்டு வீடு வரை நடந்தேன். நீ எஸ்.எஸ்.எல்.சி.யில் ஸ்கூல் முதல் வந்தபோதுகூட நான் அப்படிப் போட்டதில்லை. உனக்கு நான் செய்த துரோகங்களில் அது முதல். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம், இப்படிச் செய்தால் அப்பாவுக்குப் பிடிக்கும் என்று காட்டிக்கொடுத்துவிட்டேன்.

படித்தவன் இல்லையா, வீட்டுக்கு வந்ததும் அதற்கு ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். அந்தக் காவியத்தில் கவிஞன் படகில் அந்தச் சேற்றைக் கடக்கும்போது சேற்றில் கிடக்கும் ஒருத்தன் மேல் அவனுக்கே ஆத்திரம் வரும். இன்னும் நன்றாக முழுகித் தொலை என்பான். கூட வழிகாட்டிக்கொண்டு வருகிற குரு அவனைக் கண்டிப்பதற்குப் பதிலாகக் கட்டித் தழுவிக்கொள்வார். தர்மத்துக்காக வருகிற கோபம் வேறு என்று நான் வகுப்பில் அதற்கு வியாக்கியானம் சொல்வது வழக்கம். அன்றைக்கு அதே வியாக்கியானத்தை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் சாத்தமுது என்கிற ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே, "ஏன்னா, அந்தப் பாட்டு எழுதினவருக்குத் தம்பி இருந்தாரா?" என்று கேட்டாள். எரிந்து விழுந்தேன். பதில் இல்லாதபோது எனக்கு எரிந்து விழத்தான் தெரியும், அதுவும் உனக்குத் தெரிந்ததே.

அதற்கப்புறம் ரங்கன் கோஷ்டியில் நிற்கவில்லை. ஆனால் கோயிலுக்கு வராமலும் இல்லை. வாகன மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் நின்று தனியாகச் சேவிப்பான். உதடு அசையும், சத்தம் வராது. அர்ச்சகர் வட்டிலோடு அங்கே போனால் கும்பிடு போட்டுவிடுவான், கையை நீட்ட மாட்டான். ஆறு வருஷமாக அந்தக் கோயிலில் அவன் தீர்த்தம் வாங்கிக்கொள்ளவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னோடு போனில் பேசும்போது, "உன் சித்தப்பா சேற்றுக்குள்ளிருந்து குமிழி விட்டுக்கொண்டிருக்கிறான்" என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஊரில் ஒவ்வொருத்தனுக்கும் நரகத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன், எனக்கு மட்டும் டிக்கெட் கிழிக்கிறவன் உத்தியோகம்.

உன் மெயில் வந்த அன்று, பாறாங்கல் தள்ளுகிறவர்கள் பகுதியை மறுபடி எடுத்துப் படித்தேன். வகுப்பில் நான் வேகமாகத் தாண்டிப் போகிற ஓரிடம் இருக்கிறது. அங்கே இரண்டு கட்சி. எதையும் விடாமல் இறுகப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம், எல்லாவற்றையும் வாரி விட்டெறிந்தவர்கள் மறுபக்கம். இரண்டு கட்சியும் எதிரெதிரே கல்லைத் தள்ளிவந்து மோதி, "ஏன் பிடித்து வைக்கிறாய்?" என்று இவனும் "ஏன் விட்டெறிகிறாய்?" என்று அவனும் கத்திவிட்டுத் திரும்பிப் போய், வட்டத்தின் அந்தப் பக்கத்தில் மறுபடி மோதுகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை என்பதுதான் விஷயம். நான் விட்டுவிடலாம் என்று சொன்னால் நீ எனக்கு என்ன எழுதுவாய் என்று யோசித்தேன். "ஏன் விட்டெறிகிறாய்?" என்கிற அதே வாக்கியத்தைத்தான் எழுதுவாய். ஆத்திரத்தில் தட்டிவிட்டதை இப்போது தாராளத்தில் தூக்கிக் கொடுக்கப் பார்க்கிறேனே, இரண்டிலும் அது என் சொத்து என்கிற நினைப்புத்தானே இருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உறைக்க வைக்க ரங்கன் வேண்டியிருந்தது.

விட்டுவிடுவதென்று தீர்மானித்து ஒரு காகிதத்தில் எழுதினேன். இனி எனக்கோ என் பிள்ளைக்கோ முதல் தீர்த்தம் வேண்டாம், தினமும் வந்து சேவிக்கிற தம்பி பிள்ளை பாச்சுவுக்கே அது ஆகட்டும் என்று. கோயிலில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு, முட்டி வலிக்காக ஆட்டோ வைத்து ரங்கன் வீட்டுக்குப் போனேன். மூன்று தெரு தள்ளித்தான் வீடு, ஆறு வருஷமாகப் போகாத வீடு. அவன் கூடத்தில் உட்கார்ந்து துளசி தொடுத்துக்கொண்டிருந்தான். காகிதத்தை வாங்கிப் படித்தான். நான் காத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் மறைக்கப் போவதில்லை, "வேண்டாம் அண்ணா, நீ இருக்கறப்போ எங்களுக்கு எதுக்கு?" என்று அவன் சொல்வான் என்றுதான் காத்திருந்தேன். அவன் அப்படிச் சொல்லவும், நான் பெரிய மனதோடு வற்புறுத்தவும், இரண்டு பேரும் அழவும் வேண்டுமென்று வழியெல்லாம் ஆட்டோவில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தேன். ரங்கன் காகிதத்தை மடித்து என் பக்கமாக வைத்தான். "நீ குடுக்கறதுக்கு இது உன்னோடதா அண்ணா?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டான். அப்புறம் உள்ளே திரும்பி, "ஸ்வாமி கிளம்பறார், அந்தச் செருப்பை எடுத்து வை" என்று சொன்னான். வெளியாரைச் சொல்லுகிற வார்த்தை அது. அறுபது வருஷமாக அண்ணா என்று கூப்பிட்டவன் ஒரே பேச்சில் அண்ணாவில் ஆரம்பித்து ஸ்வாமியில் முடித்துவிட்டான். என் தம்பி எனக்கு இனிமேல் இல்லை. அதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை பக்கம் வேண்டியிருந்திருக்கிறது.

மறுநாள் சனிக்கிழமை. முட்டி வலியோடு போய்ப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். கோயிலில் நான் கொடுத்த காகிதத்தின்படி பாச்சு முதலில் நின்றான். சனிக்கிழமை தோறும் கூரம் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற ஒரு கிழவர் உண்டு, காது சரியாகக் கேட்காது, கோஷ்டிக்காரரும் இல்லை. கூட்டத்தில் தெரியாமல் பாச்சுவுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றுவிட்டார். பாச்சு முழங்கையால் அவரை ஒதுக்கி, "மாமா, பின்னாடி போங்கோ. இங்க முறைன்னு ஒண்ணு இருக்கு" என்றான். முதல் நாள் கிடைத்தது, மறுநாளே முழங்கை முளைத்துவிட்டது. அவனுடைய தகப்பன் தூணுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இவனுக்கா கொடுத்தேன், இவனுக்கு என் பிள்ளை எந்த விதத்தில் குறைந்தவன் என்று மண்டைக்குள் ஓடிற்று. தீர்த்தம் வாங்காமலே எழுந்து, முட்டி வலியெல்லாம் மறந்து நேரே நெட் சென்டருக்குப் போனேன். அங்கிருந்து உனக்கு என்ன அனுப்பினேன் என்பது உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். "போடு கேஸை. விடாதே." பத்தே நிமிஷத்தில் "சூப்பர்ப்பா" என்று உன் பதில் வந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். ரசம் கலக்கிக்கொண்டே கேட்கிற கேள்வி ஒன்றும் இந்தத் தடவை வரவில்லை. என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "தம்பியைத் தொலைச்சேள். இப்போ பெத்த பிள்ளையையும் அதுலயே இறக்கறேளா?" என்றாள். இன்றோடு மூன்று நாள். சாதம் போடுகிறாள், மோர் விடுகிறாள், பேச்சு இல்லை. அந்த மூன்று நாளாகத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாச்சு நல்லவன், அவனுக்கு விட்டுக்கொடு என்று நான் உனக்குச் சொல்லவில்லை. அவனைப் பார்த்தாய் அல்லவா. அந்த இடத்தில் யார் நின்றாலும் அப்படித்தான் ஆகிறான், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. தினமும் நிற்கிறவனே ஒரே நாளில் அப்படி ஆனால், வருஷத்துக்குப் பத்து நாள் வருகிற நீ என்ன ஆவாய்? சின்ன வயதில் நீயும் அவனும் ஒரே தட்டில் தயிர்சாதம் சாப்பிட்டவர்கள். கேஸ் என்று ஒன்று கோர்ட்டில் நம்பர் ஆகிவிட்டால் உனக்கும் அவனுக்கும் நடுவே அப்புறம் வக்கீல்கள்தான் பேசுவார்கள். எனக்கும் ரங்கனுக்கும் அந்த வக்கீல்கூட மிஞ்சவில்லை. நீ வக்கீலைக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல். மே மாசம் வா. பாச்சுவோடு சண்டை போட வேண்டுமென்றால் அவன் வீட்டுக்கே போய் நேரில் போடு, அவன் அம்மா கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போடு. உன் சித்தப்பா பேச மாட்டான். பேசாவிட்டாலும் பக்கத்தில் போய் உட்கார்.

இதை நாலு பிரதி எடுத்திருக்கிறேன். ஒன்று உனக்கு, ஒன்று ரங்கனுக்கு, ஒன்று பாச்சுவுக்கு. அவன் முழங்கையைப் பற்றி எழுதியிருப்பதை அவனும் படிக்கட்டும். ஒன்று கோயில் சுவரில் ஒட்டுவதற்கு. தெருவே படித்துச் சிரிக்கும், சிரிக்கட்டும். எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லாததால்தான் இப்படிச் செய்கிறேன். கோயிலுக்கு நான் இனியும் போவேன், பாச்சு இனியும் முன்னால் நிற்பான், எனக்கு மறுபடி வயிறு எரியும். எரிந்தால் உனக்குப் போன் பண்ணுவேன், அழுவேன், அப்பா கேட்கிறேன் இது ஒன்றைச் செய்யடா என்று கெஞ்சக்கூடக் கெஞ்சுவேன். பிறந்த நாளிலிருந்து உனக்கு நான் சொன்னதெல்லாம் அப்பா பேச்சைக் கேள் என்பதுதான். அப்படி நான் கூப்பிட்டால், நான் என்ன சொன்னாலும் நீ கேட்காதே.